கழற்றி வைத்த கார்டு: டர்பன் கோயில் திருப்பணியில் நடந்த கிரைண்டர் விபத்து

டர்பனுக்குத் தெற்கே உள்ள ஒரு மாரியம்மன் கோயிலில், 2023 குளிர்காலத்தில், விமானத்தின் (கருவறைக்கு மேலுள்ள கோபுரம்) திருப்பணி நடந்துகொண்டிருந்தது. அப்போது கம்பி வெட்டும் கை கிரைண்டரின் கட்டிங் டிஸ்க் (வேகமாகச் சுழன்று வெட்டும் தட்டு) உடைந்து, தொண்டர் ஒருவரின் இடது முன்கை கிழிந்தது. தசைநார் அறுந்து அறுவை சிகிச்சை வரை போனது. இன்றும் அந்தத் தம்பியால் இரண்டு விரல்களை முழுதாக நீட்ட முடிவதில்லை.

நிர்வாகக் குழு கேட்டுக்கொண்டதால் என்ன நடந்தது என்று நான் விசாரித்தேன். மெஷின்களோடுதான் என் பிழைப்பு. அதே கோயிலுக்குத்தான் நானும் போகிறேன். குழுவின் சம்மதத்தோடு, யார் பெயரையும் சொல்லாமல் இதை எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவில் திருப்பணி நடக்காத ஆண்டே இல்லை. தமிழ்நாட்டிலிருந்து ஸ்தபதிகள் வருகிறார்கள். மூல விக்கிரகங்களோடு அதே மரப்பெட்டிகளில் அவர்களுடைய கருவிகளும் கப்பலேறி வருகின்றன. இங்கே நடந்தது இன்னொரு கோயிலிலும் அப்படியே நடக்கலாம்.

அன்று நடந்தது

ஆடி மாதக் கூழ் விழாவுக்கு முன் விமானத்தின் சுதை வேலையை முடிக்க வேண்டும் என்ற அவசரம் எல்லோருக்கும் இருந்தது. சுதைச் சிற்பங்களுக்கு உள்ளே நிற்கும் கம்பிக் கூட்டுக்காக 12 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பியை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெட்டுமிடம் கோயில் சமையலறையின் பின்சுவரை ஒட்டிய திறந்தவெளி. கம்பியை இரண்டு செங்கல் அடுக்குகளின் மேல் வைத்து நடுவில் வெட்டினார்கள்.

தம்பிக்கு 24 வயது. கோயில் வேலைக்கு யார் கூப்பிட்டாலும் வருகிற பையன். கண்ணாடி போட்டிருந்தார். கையுறை இல்லை, காலில் செருப்பும் இல்லை. மெஷின் ஸ்தபதி குழுவினுடையது. 4 அங்குல டிஸ்க்குக்கான மெஷின் அது. டிஸ்க்கைச் சுற்றி மறைக்கும் பாதுகாப்பு மூடியான கார்டு கழற்றப்பட்டிருந்தது; பக்கவாட்டுக் கைப்பிடியும் இல்லை.

காலை 10 மணிக்குத் திட்டமிட்ட மின்வெட்டு. 2023 இந்த நாடு மின்வெட்டில் மிக மோசமாக அவதிப்பட்ட ஆண்டு. எந்த நேரத்தில் போகும், எப்போது வரும் என்று எல்லோர் கைபேசியிலும் அட்டவணை இருந்தது. ஆனால் வெட்டிக்கொண்டிருப்பவர் கடிகாரம் பார்ப்பதில்லை. பாதிக் கம்பி வெட்டுப்பட்ட நிலையில் மின்சாரம் போனது. டிஸ்க் வெட்டுக்குள்ளேயே நின்றது. இரண்டு பக்கமும் தாங்கியிருந்த கம்பி நடுவில் தொய்ந்து டிஸ்க்கைக் கவ்விப் பிடித்துக்கொண்டது. மெஷினின் தள்ளு சுவிட்ச் முன்னே தள்ளிப் பூட்டிய நிலையிலேயே இருந்தது.

தம்பி வலது கையில் மெஷினைப் பிடித்து, இடது கையால் கம்பியை வெட்டுக்குப் பக்கத்தில் பிடித்து, ஆட்டி ஆட்டி டிஸ்க்கை வெளியே எடுக்கப் பார்த்தார். அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறையில், குழுவின் மூத்த உறுப்பினர் ஒருவர் சிறிய பெட்ரோல் ஜெனரேட்டரைக் கிளப்பினார். நாங்கள் தாத்தா என்று கூப்பிடுகிறவர். அன்னதானத்துக்கு மிக்சி ஓட வேண்டும். வெளியே போகும் நீள ஒயரையும் சுவர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கி ஜெனரேட்டரில் சொருகினார். பையன்கள் வேலை நிற்க வேண்டாமே என்ற நல்லெண்ணம்தான்.

மெஷின் உயிர் பெற்றது. கவ்வப்பட்ட இடத்தில் டிஸ்க் பிளந்தது. மோட்டார் அதோடு நிற்கவில்லை. ஒரு கையின் பிடியில் திமிறித் திரும்பி, ஒட்டியிருந்த மீதி டிஸ்க்கோடு இடது முன்கையில் இறங்கியது. ஒரு துண்டு கண்ணாடியின் கீழ் விளிம்பில் பட்டுக் கன்னத்தைக் கீறியது. அந்தக் கண்ணாடி இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை.

அடுத்த சில நிமிடங்கள் சரியாக நடந்தன, அதையும் சொல்ல வேண்டும். யாரோ ஒருவர் மஞ்சள்தூள் டப்பாவோடு ஓடிவந்தார். மருத்துவமனையில் தாதியாக வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஓர் அத்தை அவரைத் தடுத்து, சுத்தமான துண்டை மடித்துக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்து, கையை உயர்த்தச் சொன்னார். மஞ்சளோ காப்பித்தூளோ போட்டிருந்தால் அறுந்த நாரைத் தேடித் தைக்கும் மருத்துவருக்கு வேலை இன்னும் கடினமாகியிருக்கும். ஆம்புலன்சுக்கு 10177 என்ற எண்ணும், கைபேசியிலிருந்து 112ம் உண்டு. அன்று வாசலிலேயே கார் நின்றதால் அதிலேயே கூட்டிப் போனார்கள்.

டிஸ்க்கின் ஓட்டை

அன்று மாலையே குழுக் கூட்டத்தில் முடிவு கட்டிவிட்டார்கள்: கார்டைக் கழற்றிவிட்டு வேலை செய்தான், கவனக்குறைவு, இனிமேல் எச்சரிக்கையாக இருக்கச் சொல்வோம். எனக்கு அது போதவில்லை. கார்டு தானாகக் கழலாது. ஒருவர் ஸ்பானர் எடுத்து, திருகைத் தளர்த்தி, கழற்றி ஓரமாக வைத்திருக்கிறார். ஏன் வைத்தார் என்று கேட்காமல் விட்டால், அடுத்த மாதம் இன்னொருவர் அதையேதான் செய்வார்.

உடைந்த மெஷினை யாரும் தொடாதபடி எடுத்து வைத்திருந்தார்கள். நட்டைக் கழற்றிப் பார்த்தேன். டிஸ்க்கின் நடுவில் இருக்கும் சின்ன உலோக வளையமும் அதைச் சுற்றி நகத்தளவு டிஸ்க்கும் மட்டும் மெஷினின் சுழலும் தண்டில் மிச்சம் இருந்தன. வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே வெள்ளை பிளாஸ்டிக் ஒன்று பிதுங்கிக்கொண்டிருந்தது. தண்ணீர்க் குழாயில் வெட்டிய வளையம். சூட்டில் இளகி ஒரு பக்கமாக ஒதுங்கி, ஒருபுறம் 1 மில்லிமீட்டருக்கு மெலிந்தும் எதிர்ப்புறம் 5 மில்லிமீட்டருக்குத் தடித்தும் இருந்தது.

விஷயம் அங்கேயே தெரிந்துவிட்டது. தமிழ்நாட்டில் பட்டறைக்குப் பட்டறை இருக்கும் 4 அங்குல மெஷினுக்கு 100 மில்லிமீட்டர் டிஸ்க். அதன் நடு ஓட்டை 16 மில்லிமீட்டர். தென்னாப்பிரிக்காவில் ஹார்டுவேர் கடையில் போய் சின்ன கட்டிங் டிஸ்க் என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பது 115 மில்லிமீட்டர், ஓட்டை 22.23. ஸ்தபதி குழு கொண்டுவந்த டிஸ்க்குகள் தீர்ந்ததும் நிர்வாகக் குழு உறுப்பினர் ஒருவர் கடைக்குப் போய் ஒரு பெட்டி வாங்கி வந்தார். விலை நியாயமானது, சரக்கும் தரமானது. நொடிக்கு 80 மீட்டர் வரை தாங்கும் என்பதற்கான சிவப்புக் கோடு மேலே இருந்தது. உலோக வளையத்தில் பொறித்திருந்த காலாவதி மாதமும் தாண்டவில்லை. பலர் கவனிக்காத ஒன்று இது: பிசின் கொண்டு பிணைத்த இந்த டிஸ்க்குகளுக்கு ஆயுள் மூன்று ஆண்டுதான். டர்பனின் ஈரக்காற்றில் திறந்துபோட்டால் அதற்கு முன்பே பலம் குறையும்.

ஆக, நல்ல டிஸ்க், நல்ல மெஷின். இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்தாதவை. 115 டிஸ்க்கை 100 மெஷினில் மாட்டினால் விளிம்பு கார்டில் இடிக்கும். ஸ்தபதியின் உதவியாளர் அண்ணன் என்னிடம் மறைக்காமல் சொன்னார்: “சுத்த விடாம இடிச்சுதுண்ணே. கழட்டினாத்தான் ஓடும்னு கழட்டினோம். ஓட்டையும் பெருசா இருந்துச்சு, குழாயை வெட்டிச் செருகினோம். ரெண்டு வாரமா அதுலதான் ஓடுச்சு.”

அவரைக் குற்றவாளியாக்க எனக்கு மனமில்லை. இருபது வருடமாகக் கையில் கிடைத்ததை வைத்து வேலையை முடித்துப் பழகிய மனிதர். வேலையை நிறுத்திவிட்டு, “இந்த டிஸ்க் சேராது, வேற வாங்கிட்டு வாங்க” என்று அந்நிய ஊரில், விருந்தாளியாக இருக்கும் கோயிலில் சொல்ல அவருக்குத் தயக்கம். வாங்கி வந்தவருக்கு அளவு சொல்லி அனுப்பியவரும் யாருமில்லை.

பிளாஸ்டிக் வளையம் ஒருபுறம் 1, எதிர்ப்புறம் 5 மில்லிமீட்டர் என்றால் டிஸ்க்கின் மையம் 2 மில்லிமீட்டர் விலகியிருக்கிறது. அந்த விலகல் என்ன செய்யும் என்று பார்ப்போம். 115 மில்லிமீட்டர் அகலமும் 1 மில்லிமீட்டர் தடிப்பும் உள்ள டிஸ்க் சுமார் 25 கிராம் இருக்கும். இந்த வகை மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றுகிறது, அதாவது நொடிக்கு 183. மையம் 2 மில்லிமீட்டர் விலகினால் அந்த 25 கிராம், தண்டை 6 கிலோவுக்கு மேற்பட்ட எடையைத் தொங்கவிட்டதுபோல இழுக்கும். அந்த இழுப்பின் திசை நொடிக்கு 183 தடவை சுற்றிச் சுற்றி வரும். விளிம்பின் வேகம் மணிக்குச் சுமார் 240 கிலோமீட்டர். மெஷின் அதிர்வதை எல்லோரும் கவனித்திருக்கிறார்கள். “பழைய மெஷின், அப்படித்தான் இருக்கும்” என்று விட்டுவிட்டார்கள்.

மையம் விலகிய டிஸ்க் நேராக வெட்டாது. வெட்டு ஒழுங்கில்லாமல் கோணலாகப் போகும், பக்கவாட்டில் உரசும். 1 மில்லிமீட்டர் டிஸ்க்குக்குப் பக்கவாட்டு அழுத்தத்தைத் தாங்கும் திறன் கிடையவே கிடையாது. இரண்டு வாரம் உடையாமல் ஓடியதுதான் எனக்கு ஆச்சரியம். அன்று மின்வெட்டு வராமல் இருந்திருந்தாலும் அது ஒருநாள் உடைந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

மரம் வெட்டும் ரம்ப பிளேடுகள், டைல்ஸ் வெட்டும் வைர பிளேடுகள் சிலவற்றோடு ஓட்டையைச் சிறிதாக்கும் உலோக வளையத்தைத் தயாரிப்பாளரே தருவதுண்டு. அதைப் பார்த்த பழக்கத்தில், இதற்கும் செருகலாம் என்று நினைக்கிறார்கள். பிசின் டிஸ்க்குக்கு அது கூடாது. ஓட்டை தண்டின் தோளில் தானாகவே கச்சிதமாக உட்கார வேண்டும். உட்காரவில்லை என்றால் அது அந்த மெஷினுக்கான டிஸ்க் இல்லை.

இதைவிட மோசமான ஒன்றையும் இங்கே சில பட்டறைகளில் பார்த்திருக்கிறேன். 230 மில்லிமீட்டர் பெரிய டிஸ்க் தேய்ந்து சிறியதானதும், வீணாக்க மனமில்லாமல் சின்ன மெஷினில் மாட்டுவது. பெரிய டிஸ்க் தாங்குவது நிமிடத்துக்குச் சுமார் 6,600 சுற்றுதான். அதை 11,000ல் சுற்றவிடுகிறவர்கள் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள்.

சுவிட்சும் ஜெனரேட்டரும்

மின்சாரம் போனதும் சுவிட்சை அணைக்க வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும், யாரும் செய்வதில்லை. சத்தம் நின்றுவிட்டால் மெஷின் அணைந்துவிட்டதாகவே கை நம்பிவிடுகிறது. அதனால்தான் புதிய மெஷின்கள் பலவற்றில் இரண்டு ஏற்பாடுகள் வருகின்றன. ஒன்று, மின்சாரம் போய்த் திரும்பினால் தானாக ஓடாமல், சுவிட்சை அணைத்து மறுபடி போட்டால் மட்டும் ஓடுவது. இன்னொன்று, அடியில் இருக்கும் நீள விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை மட்டும் ஓடி, பிடி விட்டதும் நிற்பது. மின்வெட்டு உள்ள நாட்டில் முதலாவது இல்லாத கிரைண்டரை வாங்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தம்பி பிளக்கைப் பிடுங்காமல் டிஸ்க்கைத் தொட்டது தவறுதான். ஆனால் பிளக் இருந்த இடம் எது? சுவருக்கு அந்தப் பக்கம், சமையலறைக்குள். வெட்டுகிறவர் கைக்கெட்டும் தூரத்தில் மின்சாரத்தைத் துண்டிக்க வழியே இல்லை. தாத்தாவுக்கும் சுவருக்குப் பின்னால் யார் என்ன பிடித்திருக்கிறார்கள் என்று தெரிய வழியில்லை. அவர் இன்றுவரை அதை நினைத்து வருந்துகிறார். அவரிடம் நான் சொன்னது: தாத்தா, நீங்கள் சொருகியபோது அங்கே மெஷின் இருக்கிறது என்று உங்களுக்குச் சொல்லும் ஓர் ஏற்பாட்டை நாங்கள் யாருமே செய்து வைக்கவில்லை.

கம்பியை வைத்த விதமும் தவறு. இரண்டு முனையிலும் தாங்கி நடுவில் வெட்டினால் கம்பி தொய்ந்து டிஸ்க்கைக் கவ்வும். வெட்டுக்கு இந்தப் பக்கம் கெட்டியாகப் பிடித்துக் கட்டி, விழ வேண்டிய துண்டைத் தாங்கலில்லாமல் விட்டால் வெட்டு தானாக விரியும். கம்பியை இறுக்கிப் பிடிக்கும் ஒரு சின்ன வைஸ் இருந்தாலே இடது கைக்கு அங்கே வேலையில்லை.

தேடப் போய்க் கிடைத்த மற்றவை

விபத்தோடு தொடர்பில்லாதவை என்றாலும் கண்ணில் பட்டவற்றை விட்டுவிட முடியாதே.

இந்தியாவின் பெரிய 16 ஆம்பியர் மூன்று முள் பிளக் இங்கத்திய சாக்கெட்டில் அப்படியே பொருந்தும். சின்ன 6 ஆம்பியர் பிளக் பொருந்தாது. அதற்கு அடாப்டர்மேல் அடாப்டர் போட்டு, அதில் ஒன்று இரண்டு முள் மட்டும் உள்ளதாக இருந்தது. எர்த் அங்கேயே அறுந்துவிட்டது. சதுரத்துக்குள் சதுரம் போட்ட குறி இருக்கும் மெஷினுக்கு எர்த் தேவையில்லை, இரட்டைக் காப்பு உண்டு. ஆனால் இரும்பு உடல் கொண்ட ஒரு பழைய பெஞ்ச் கிரைண்டரும் அதே அடாப்டரில்தான் ஓடியது. கோயில் போர்டில், மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் எர்த் லீக்கேஜ் சுவிட்ச் இருந்தது நல்லது. சோதனைப் பொத்தானை அழுத்தினேன், உடனே துண்டித்தது. ஆனால் ஜெனரேட்டரில் ஓடும்போது அந்த சுவிட்ச் வழியாக மின்சாரம் வருவதே இல்லை.

தூசி பற்றி இன்னும் கடுமையாகவே சொல்ல வேண்டும். கருங்கல்லையும் சிமெண்டையும் உலர்வாக வெட்டினார்கள், மூக்கில் துண்டைச் சுற்றிக்கொண்டு. கல், சிமெண்ட் தூசியில் இருக்கும் சிலிக்காவைத் துண்டு தடுக்காது. தென்னாப்பிரிக்காவுக்கு இதைப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. தங்கச் சுரங்கங்களில் சிலிகோசிஸ் (சிலிக்கா தூசியால் வரும் நுரையீரல் நோய்) வந்த தொழிலாளர்கள் தொடுத்த கூட்டு வழக்கில் 2019ல் ஜோகன்னஸ்பர்க் உயர் நீதிமன்றம் ஒப்புதல் தந்த உடன்படிக்கையின் தொகை 500 கோடி ராண்ட். கோயில் விமானத்தின் மேல் நின்று வெட்டுகிறவரின் நுரையீரலும் அதே நுரையீரல்தான். தண்ணீர் விட்டு வெட்டும் முறைக்கு ஏற்ற மெஷின், இல்லாவிட்டால் தூசி உறிஞ்சியோடு இணைத்த மெஷின், கூடவே முகத்தில் கச்சிதமாகப் பொருந்தும் முகமூடி. தாடிக்கு மேல் முகமூடி போட்டால் பொருந்தாது. விரதத்துக்காகத் தாடி வைத்திருப்பவர்களுக்குக் கல் வெட்டும் வேலையைக் கொடுக்காமல் இருப்பதே நல்லது.

உள்ளே சேர்ந்த சிமெண்ட் தூசியால் ஒரு மெஷினின் காற்றுத் துளைகள் பாதி அடைந்திருந்தன. மோட்டாரின் சுழலும் பகுதிக்கு மின்சாரம் கடத்தும் கார்பன் பிரஷ் அடிவரை தேய்ந்து, ஓடும்போது நீலப் பொறி வளையமாகத் தெரிந்தது. பிரஷ் மலிவான பொருள், கால் மணி நேர வேலை. அதைச் செய்யாமல் விட்டால் சுழலும் பகுதியான ஆர்மச்சூரே போய்விடும்.

மாற்றியவை

முதல் மாற்றம் இடம்தான். வெட்டும் வேலை முழுவதையும் கோயில் மதிலுக்கு வெளியே, வண்டி நிறுத்தும் பகுதியின் மூலைக்குக் கொண்டுபோனோம். கோயில் வளாகத்துக்குள் செருப்புப் போடச் சொல்லி யாரையும் கட்டாயப்படுத்த முடியாது, கட்டாயப்படுத்தவும் கூடாது. மதிலுக்கு வெளியே வந்ததும் பாதுகாப்பு பூட்ஸ் என்ற பேச்சுக்கே எதிர்ப்பு இல்லாமல் போயிற்று. தீப்பொறி பந்தல் பக்கம் போகாது. தனி சாக்கெட், பக்கத்திலேயே பெரிய சிவப்பு நிறுத்தும் பொத்தான். நான் எத்தனை பாதுகாப்பு வகுப்பு எடுத்திருந்தாலும் இந்த ஒரு மாற்றம் செய்ததைச் செய்திருக்காது.

அடுத்தது மெஷின். இங்கேயே 115 மில்லிமீட்டர் கிரைண்டர் மூன்று வாங்கினோம், மூன்றிலும் தானாக ஓடாத ஏற்பாடு உண்டு. கார்டைக் கழற்ற ஸ்பானர் தேடுகிற அவசியமே இல்லை. டிஸ்க் அளவு சேர்கிறது, வெட்டும் கோணத்துக்கு ஏற்ப கார்டைக் கையாலேயே திருப்பிக்கொள்ளலாம். டிஸ்க் பெட்டியின் மேல் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாள் ஒட்டினோம்: அகலம் 115, ஓட்டை 22.23, இதைத் தவிர வேறெதையும் வாங்க வேண்டாம். கடைக்குப் போகிறவர் காலிப் பெட்டியைக் கையில் எடுத்துப் போக வேண்டும் என்று ஸ்தபதி ஐயா சொன்னார். நல்ல யோசனை, அப்படியே வைத்துக்கொண்டோம். புது டிஸ்க் மாட்டியதும் ஆளில்லாத பக்கம் திருப்பிப் பிடித்து ஒரு நிமிடம் சும்மா ஓடவிட வேண்டும். அதிர்ந்தால் கழற்றிவிட வேண்டும்.

உடை விஷயத்தில் கொஞ்சம் பேச்சு நடந்தது. தோளில் துண்டு, கழுத்தில் உருத்திராட்சம், மணிக்கட்டில் காப்புக் கயிறு. துண்டையும் மாலையையும் கழற்றி வைக்க எல்லோரும் சம்மதித்தார்கள். காப்புக் கட்டியவர் விரதம் முடியும் வரை அவிழ்க்க மாட்டார், அது சரிதான். அவர்களுக்கு அந்த நாட்களில் சுழலும் மெஷின் எதையும் தருவதில்லை. சுதை குழைப்பது, வர்ணம் பூசுவது என்று வேலைக்கா பஞ்சம்?

சட்டம் பற்றிச் சுருக்கமாக. 1993ஆம் ஆண்டின் 85ஆம் எண் தொழில் சுகாதாரப் பாதுகாப்புச் சட்டத்தின் 24ஆம் பிரிவுப்படி, இயந்திரம் பயன்படுத்தியதில் ஒருவருக்கு 14 நாட்களோ அதற்கு மேலோ வேலை செய்ய முடியாத காயம் ஏற்பட்டால் தொழிலாளர் துறைக்குத் தெரிவிக்க வேண்டும். தொண்டர்தானே என்று குழுவில் சிலர் தயங்கினார்கள். அதே சட்டத்தின் 9ஆம் பிரிவு சம்பளக்காரர் அல்லாதவர்களின் பாதுகாப்பையும் பொறுப்பாக்குகிறது. தெரிவித்தோம். ஆனால் தொழில் விபத்து இழப்பீட்டு நிதி ஊழியர்களுக்கானது. தொண்டருக்கு அதில் இடமில்லை. தம்பியின் சிகிச்சைச் செலவையும், வேலைக்குப் போக முடியாத வாரங்களின் சம்பளத்தையும் கோயில் ஏற்றது. இதற்கென்று தொண்டர் விபத்துக் காப்பீடு எடுத்த பிறகுதான் திருப்பணியை மறுபடி தொடங்கினார்கள்.

பழைய மெஷின்களை என்ன செய்வது

இந்தப் பகுதியில்தான் ஸ்தபதி ஐயாவோடு நீண்ட நேரம் பேசினேன். நான்கு பழைய 4 அங்குல மெஷின்கள். ஆயுத பூஜைக்குச் சந்தனம் குங்குமம் வைத்து வருடாவருடம் கும்பிட்ட கருவிகள். உடல் இடுக்கில் குங்குமம் இன்னும் ஒட்டியிருந்தது. “சோறு போட்டதைக் குப்பையில போடச் சொல்றீங்களா?” என்று கேட்டார். கேள்வி நியாயமானது.

அவரோடு உட்கார்ந்து ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தோம். மூன்று நன்றாகவே இருந்தன. பிரஷ் மாற்றி, துடைத்து, கார்டையும் கைப்பிடியையும் திரும்பப் பொருத்தி, ஊருக்கே எடுத்துப் போகட்டும் என்று முடிவாயிற்று. 100 மில்லிமீட்டர் டிஸ்க் எளிதாகக் கிடைக்கிற ஊரில் அவை நல்ல மெஷின்கள். அவற்றைக் குப்பை என்று சொல்ல எனக்கும் வாய் வராது.

விபத்தில் சிக்கிய நான்காவதன் தண்டு வளைந்திருந்தது, கியர் பெட்டியில் விரிசல். இதைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடலாம் என்றார்கள். அப்படியே போட்டிருந்தால் என்ன நடக்கும் என்று நினைத்துப் பாருங்கள். ஒயரும் பிளக்கும் இருக்கும் மெஷினை யாராவது எடுத்துச் சொருகிப் பார்ப்பார்கள், அது ஓடும். நடைபாதையில் விற்பனைக்கு வரும். வாங்குகிறவர் வேறு வழியில்லாதவராகத்தான் இருப்பார். அதனால் ஒயரை உடலோடு ஒட்ட வெட்டி, சுவிட்சைப் பிடுங்கி, தண்டை ரம்பத்தால் அறுத்தோம். ஸ்தபதி ஐயா ஒரு சூடம் ஏற்றிக் காட்டிவிட்டுத்தான் அறுக்கவிட்டார். அதன்பிறகு மின்கழிவு எடுப்பவரிடம் கொடுத்தோம். அபாயகரமான மின்கழிவைக் குப்பைமேட்டில் கொட்டுவதை தென்னாப்பிரிக்கா 2021 ஆகஸ்ட் 23 முதல் தடை செய்திருக்கிறது. வீட்டுச் சக்கரக் குப்பைத் தொட்டியில் போட்டால் யாரும் கேட்க மாட்டார்கள் என்பது வேறு விஷயம், போடக் கூடாது.

பாட்டரிதான் எனக்கு அதிகக் கவலை தந்தது. கம்பியில்லா டிரில்லின் 18 வோல்ட் பாட்டரி ஒன்று உப்பிப் போய் ஸ்டோர் ரூமில் கற்பூரப் பெட்டிகளுக்குப் பக்கத்தில் கிடந்தது. லித்தியம் பாட்டரி உப்பினால் சார்ஜ் போடக் கூடாது, குத்தக் கூடாது, குப்பையில் சேர்க்கக் கூடாது. குப்பை வண்டியில் நசுங்கினால் தீப்பிடிக்கும், அந்தத் தீ லேசில் அணையாது. முனைகளில் டேப் ஒட்டி, மணல் போட்ட இரும்பு டப்பாவில் வைத்து, கட்டடத்துக்கு வெளியே ஒதுக்கி, பாட்டரி திரும்பப் பெறும் இடத்தில் நேரில் கொண்டுபோய்ச் சேர்த்தோம். நல்ல நிலையிலுள்ள பாட்டரிகளை ஸ்தபதி குழு விமானப் பயணத்தில் எடுத்துப் போக விரும்பியது. தனி பாட்டரி பெட்டிச் சாமானில் போகக் கூடாது, கைப்பையில்தான் போக வேண்டும். 100 வாட் மணி வரை அனுமதி தேவையில்லை. 160 வரை விமான நிறுவனத்தின் ஒப்புதல் வேண்டும். 18 வோல்ட்டும் 5 ஆம்பியர் மணியும் பெருக்கினால் 90. அவர்களுடையது எல்லாம் அதற்குள்தான்.

நிலுவையில் இருப்பவை

தம்பிக்குக் கைப் பயிற்சி தொடர்கிறது. மருத்துவர் இன்னும் கொஞ்சம் அசைவு திரும்பும் என்கிறார், முழுதாக என்று சொல்லவில்லை.

கோயிலின் மின்சாரத்தை ஜெனரேட்டருக்கு மாற்றும் சுவிட்ச் இன்னும் பொருத்தப்படவில்லை. பதிவு பெற்ற மின்பணியாளர் செய்து, தகுதிச் சான்றிதழும் தர வேண்டிய வேலை அது; விலைப்புள்ளி வந்திருக்கிறது, குழு அடுத்த கூட்டத்தில் முடிவெடுக்கும். அதுவரை வெட்டுமிடத்துக்கு ஜெனரேட்டர் மின்சாரம் கிடையாது. மின்வெட்டு வந்தால் வெட்டும் வேலை நிற்கும், மெஷின்களின் பிளக்கைப் பிடுங்கி மேசைமேல் கண்ணுக்குத் தெரிகிறபடி வைக்க வேண்டும். தாத்தா தன் பங்குக்கு ஒரு மணி வாங்கி சமையலறை வாசலில் கட்டியிருக்கிறார். ஜெனரேட்டரைக் கிளப்பும் முன் அதை அடித்துவிட்டு, வெளியே வந்து எல்லோரையும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போகிறார்.